நாலு தட்டு

பூட்டானின் தலைநகர் திம்புவில் இரண்டாம் நாள் மதியம். சுற்றுலாக்காரர்கள் வந்துபோகும் மாடி உணவகம் ஒன்று. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கைப் பாலாடைக்கட்டியோடு வேகவைத்த கேவா தத்ஷி எல்லாம் வரிசையாக மூடி வைத்திருந்தார்கள். எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த அம்மா, தட்டில் கை வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தம்பிக ரெண்டு பேரும் எங்க கண்ணு?"

வழிகாட்டியும் ஓட்டுநரும் சமையலறையை ஒட்டிய அறையில் தனியாகச் சாப்பிடுவார்கள், இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம் என்றேன்.

"நேத்தும் அப்படித்தானா?"

"ஆமாம்மா."

"நம்மள இத்தன மலை ஏத்தி எறக்கிக் கூட்டிட்டு வர்றவங்க அடுப்படியில உக்காந்து சோறு உண்ணோணுமா? எனக்கு எறங்காது. போய்க் கூட்டிட்டு வா."

போய்க் கூப்பிட்டேன். இருவரும் எழுந்து நின்று தயங்கினார்கள். உணவகத்து அம்மா வேறு என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். ஒருவழியாக நாலு தட்டும் ஒரே மேசைக்கு வந்தன. அதற்குப் பிறகு எல்லையில் பிரியும்வரை நாங்கள் நாலு பேராகத்தான் சாப்பிட்டோம். பூட்டானைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதிக்குமேல் அந்த மேசைகளில் கேட்டது.

அம்மாவுக்கு 68 வயது. ஊர் பவானி. இதற்கு முன் அவள் போன தூரம் காசி. தமிழைத் தவிர வேறு மொழி வராது. அப்பா போனபின் இரண்டு வருடமாக வாசற்படி தாண்டவே யோசித்துக்கொண்டிருந்தவளை, "மலையும் கோயிலுமா இருக்கும், வாம்மா" என்று நான்தான் கிளப்பினேன்.

போக நினைப்பவர்களுக்காக வழியும் செலவும்: நவம்பர் முதல் வாரம் போனோம். விமானத்தில் பாக்டோக்ரா, அங்கிருந்து காரில் மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான ஜெய்கான். ஒரு வாசல்தான், தாண்டினால் பூட்டானின் புன்ட்ஷோலிங். அந்தப் பக்கம் காலை வைத்ததும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ள வேண்டும். அம்மாவிடம் பாஸ்போர்ட் கிடையாது, வாக்காளர் அட்டையே போதும் என்றார்கள் (ஆதார் செல்லாது, மறந்துவிடாதீர்கள்). இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டணம். 2022 செப்டம்பரில் எல்லை மறுபடி திறந்தபோது வந்தது இது. மற்ற நாட்டவருக்கு 100 டாலர். ஆறு இரவுக்கு எங்கள் இருவருக்கும் 14,400 ரூபாய் ஆயிற்று. அநியாயம் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். மே மாத ஊட்டியில் பேருந்து நகராமல் மூன்று மணி நேரம் நின்றவள் நான். ஒரு மலைநாடு தன் மலை தாங்குகிற அளவுக்குத்தான் ஆள் விடுவேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

உரிமம் வாங்கிய வழிகாட்டி கூட வர வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையில் நடத்துவார்களோ என்று நினைத்தேன். வந்தவர் முப்பது வயதுக்காரர். முழங்கால்வரை வரும் கோ அங்கி, மடித்துவிட்ட வெள்ளைக் கைப்பட்டி. ஆங்கிலமும் இந்தியும் தண்ணீர்பட்ட பாடு. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் கேரளத்துக்காரராம். அம்மாவை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டார். அம்மா என்றே கூப்பிடுங்கள் என்றேன். "எங்களுக்கும் அமாதான்" என்று சிரித்தார். ஓட்டுநர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மா ஏறும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்கு 150 கிலோமீட்டர் போலப் பாதை, பாதி தூரம் மூடுபனிக்குள். 1958இல் நேரு பூட்டானுக்கு வந்தபோது சாலையே கிடையாது, மலைப்பாதையில் குதிரையில் வந்தார். 1961இல் இந்திய எல்லைச்சாலை அமைப்பின் டன்டாக் பிரிவு வேலையைத் தொடங்கியது. மலையை வெட்டியபோது செத்துப்போன தொழிலாளர்களுக்கு வழியில் நினைவுக்கல் இருக்கிறது. டன்டாக் நடத்தும் கேன்டீனில் மசால் தோசை கிடைக்கிறது. அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு "தாட்டிக்கலாம்" என்றாள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

நாலு தட்டுக்கு வருகிறேன். உட்கார்ந்ததும் வழிகாட்டி தன் தட்டைக் காட்டி, தெளிவாக, "சாப்பாடு" என்றார். பிறகு "தண்ணி" என்றார். அதற்கப்புறம் "ரசம்". அம்மா கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பூட்டானில் வைத்தியம் இலவசம். அங்கே செய்ய முடியாத அறுவைச் சிகிச்சைக்கு அரசே ஆளை இந்தியாவுக்கு அனுப்புகிறது, பலரை வேலூர் சிஎம்சிக்கு. இவருடைய அப்பாவுக்கு இதயத்தில் அறுவை. துணைக்கு இவர் இரண்டு மாதம் வேலூரில் இருந்திருக்கிறார். தங்கியிருந்த லாட்ஜுக்காரம்மா, அப்பா எழுந்து உட்கார்ந்த நாளிலிருந்து தினமும் ஒரு டம்ளர் ரசம் கொடுத்தனுப்பினாராம். "காசு கொடுத்தேன், வாங்கவே இல்லை" என்றார். நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா எப்படி இருக்கறாரு இப்ப, அதக் கேளு" என்றாள். நன்றாக இருக்கிறாராம். ஆப்பிள் தோட்டம் பார்த்துக்கொள்கிறாராம்.

அன்று எமா தத்ஷியும் வந்தது. மிளகாயைக் காரத்துக்குப் போடாமல் காயாகவே சமைக்கும் ஊர் அது. பாலாடைக்கட்டிக் குழம்பில் முழுசு முழுசாக மிளகாய் மிதக்கும். பாரோ பக்கம் கூரைகளெல்லாம் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள், மூன்றாவதுக்குத் தயிர் கேட்டாள்.

திம்புவின் மலைமேல் 51 மீட்டர் உயரப் புத்தர் இருக்கிறார், வயிற்றுக்குள் 1,25,000 சிறு புத்தர்கள். சிக்னல் விளக்கே இல்லாத தலைநகரில் காவலர் கையசைக்கும் கூண்டும் இருக்கிறது. இரண்டையும் பார்த்தோம். அம்மாவுக்கு நிலைத்தது நினைவுச் சோர்ட்டென்தான். மூன்றாம் அரசரின் நினைவாக 1974இல் கட்டிய வெள்ளை ஸ்தூபி. ஊரின் வயசாளிகள் காலையிலேயே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து, கையில் மணிச்சக்கரம் என்னும் பிரார்த்தனை உருளையைச் சுழற்றியபடி நாளெல்லாம் வலம் வருகிறார்கள். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று வழிகாட்டி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இடமிருந்து வலமாக அவர்களோடு நடந்துகொண்டிருந்தாள். ஒன்பது சுற்று.

பத்தாவதற்கு முன் மூச்சு வாங்கி ஒரு திண்ணையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த கிழவி மடியிலிருந்து எதையோ எடுத்து அம்மா கையில் வைத்தாள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாதிப் பாக்கை வைத்து மடித்தது. தோமா என்கிறார்கள். பாக்கு பச்சையாக ஊறியது, வாசனை தூக்கும், போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடேறும். 

அம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. அப்பா போனபின் எங்கள் ஊரில் யார் வீட்டு விசேஷத்திலும் அவளுக்குத் தாம்பூலம் கொடுப்பதில்லை. தட்டு அவளைத் தாண்டிப் போகும். அவளும் அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ வேலையாக எழுந்து போய்விடுவாள். நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன், சொந்தக்காரர்களிடமும் அவளிடமும். இந்தக் கிழவிக்கு அதெல்லாம் தெரியாது. மூச்சு வாங்கியவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று வெற்றிலை கொடுத்தாள். அம்மா என்னைப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குளிரிலும் அவள் நெற்றி வேர்த்தது. கிழவி தன் முந்தானைபோன்ற துணியால் விசிறிவிட்டாள்.

மூன்றாம் நாள் தோச்சுலா கணவாய். 3,100 மீட்டர். வானம் தெளிவாக இருந்ததால் வடக்கே பனிமலைகள் வரிசையாகத் தெரிந்தன. மேட்டில் 108 சிறு ஸ்தூபிகள். 2003 டிசம்பரில், தென்பூட்டான் காடுகளில் முகாமிட்டிருந்த அசாம் ஆயுதக் குழுக்களை வெளியேற்ற நடந்த சண்டையில் இறந்த வீரர்களுக்காக மூத்த அரசி எழுப்பியது. நான்காம் அரசர் தானே படையை நடத்திப் போனார். அம்மா கேட்டாள்: "அந்தப் பக்கம் செத்தவங்களுக்கு?" நான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "எங்கள் பிரார்த்தனை எப்போதும் எல்லா உயிருக்கும் என்றுதான் முடியும் அமா" என்றார். 

கணவாயிலிருந்து புனாக்கா ஒரே இறக்கம். இரண்டு மணி நேரத்தில் 1,900 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். ஸ்வெட்டரைக் கழற்றினால் வாழைமரம், நெல் அறுத்த வயல். வளைவில் திரும்பியதும் இரண்டு ஆறும் சேரும் மூக்கில் வெள்ளைச் சுவரும் மரமாடமுமாகக் கோட்டை. அம்மா வண்டிக்குள்ளேயே கைகூப்பி, "கூடுதுறை" என்றாள்.

பவானியில் காவிரியும் பவானியும் கூடுமிடம் அது. அப்பாவை அங்கேதான் கரைத்தோம். வேறொன்றும் சொல்லாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழிகாட்டி, ஒன்று போ சூ, ஆண் ஆறு, மற்றது மோ சூ, பெண் ஆறு என்றார். "எங்களது ரெண்டும் பொண்ணுங்க. கண்ணுக்குத் தெரியாம அமுதநதின்னு மூணாவது ஒண்ணும் வருது" என்று அம்மா சொன்னாள். அவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

கோட்டை என்று நான் எழுதினாலும் ஜோங் என்பது பாதி மடம், பாதி அரசு அலுவலகம். ஷப்துருங் நகவாங் நம்கியால் 1637-38இல் கட்டியது. சிதறிக்கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரு நாடாகச் சேர்த்தவர் அவர். அவர் உடல் இன்றும் உள்ளே ஓர் அறையில் இருக்கிறது. 1907இல் முதல் அரசருக்கு முடிசூட்டியதும் இங்கேதான். உள்ளே நுழையுமுன் வழிகாட்டி ஒரு நீண்ட வெள்ளைத் துண்டை எடுத்துத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகச் சுற்றிக்கொண்டார். கப்னே என்னும் அந்தத் துண்டு இல்லாமல் பூட்டான் ஆண்கள் ஜோங்குக்குள் போகக்கூடாது. சந்நிதியில் துறவி ஒருவர் குங்குமப்பூத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினார். அம்மா உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள். அதுதான் முறையும்கூட. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

1994 அக்டோபரில் வடக்கே லுனானாவில் ஒரு பனியாற்று ஏரி உடைந்து, போ சூ வழியாக வந்த வெள்ளம் இந்த ஜோங்கைத் தாக்கியது. தன் நிலத்தில் 60 சதவீதம் என்றென்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்த நாடு இது. இப்போது 70 சதவீதம் போலக் காடு. இந்த நாடு விடும் புகையைவிட அதன் மரங்கள் உறிஞ்சுவது அதிகம். மேலே பனி உருகுவது இவர்கள் விட்ட புகையால் இல்லை. ஆற்றங்கரையில் நின்றபோது அது எனக்கு மனத்தில் கனமாகவே இருந்தது.

அன்று மாலை சிமி லாக்காங். 1499இல் எழுந்த சிறிய கோயில். போகும் வழி வீடுகளின் சுவரெல்லாம் ஆண்குறி ஓவியம். அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்ற இளம் தம்பதியைப் பார்த்தாள், பெண் கையில் மரத்தால் செய்த குறியை ஏந்திக் கோயிலைச் சுற்றுவதைப் பார்த்தாள். "புள்ள வரம் கேக்கற எடமா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்காக நின்று கும்பிட்டாள்.

நான்காம் இரவு ஃபோப்ஜிக்கா. கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரத்தில் தட்டையாக விரிந்த சதுப்புப் பள்ளத்தாக்கு. குளிர்காலம் கழிக்கத் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வருகின்றன. நம் வயல் கொக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாலடி நிற்கும். நாங்கள் போனபோது முதல் கூட்டம் வந்திறங்கியிருந்தது. அவற்றின் சிறகில் பட்டுவிடக் கூடாதென்று மின்கம்பியை மண்ணுக்கடியில் புதைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் ஒரு கம்பம் கிடையாது. 

அன்று இரவு உணவுக்குப் பின், அம்மாவும் வழிகாட்டியும் தூங்கப் போய்விட்டார்கள். புகாரி என்னும் விறகடுப்பின் முன்னால் நானும் ஓட்டுநரும் மட்டும். மூன்று வருடம் லக்னோவில் வங்கி வேலை பார்த்ததால் எனக்கு இந்தி வரும். அவர் பேசிய இந்தியில் நேபாளி கலந்திருந்தது. தெற்குச் சமவெளிப் பக்கத்துக்காரர், லோட்ஷாம்பா. தென்பூட்டானின் நேபாளி பேசும் மக்களை அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்காமலே சொன்னார்: "எங்களை யாரும் கூடவே உட்கார வைப்பதில்லை என்று இல்லை, அக்கா. நாங்களே தள்ளி உட்கார்ந்து பழகிவிட்டோம்."

1985இல் வந்த குடியுரிமைச் சட்டம் 1958ஆம் ஆண்டின் கடைசி நாளை எல்லைக்கோடாக வைத்தது. அதற்கு முன்பே பூட்டானில் இருந்தோம் என்று காட்ட, அந்த வருடத்து நிலவரி ரசீதைக் கேட்டார்கள். அவருடைய தாத்தா ரசீதைப் பெட்டியில் வைத்திருந்தார். பெரியப்பா பங்கு பிரித்துப் போனபோது ரசீது இவர்கள் வீட்டில் தங்கிவிட்டது. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் குடிமகன், மற்றவர் அந்நியர். 1990இல் தெற்கில் போராட்டம், பிறகு கைது, வெளியேற்றம். ஒரு லட்சத்துக்கும் மேல் நேபாளி பேசும் மக்கள் கிழக்கு நேபாளத்து முகாம்களில் மூங்கில் குடிசைகளில் ஏறத்தாழ இருபது வருடம் கிடந்தார்கள். 2007 இறுதியில் தொடங்கி அவர்களில் பெரும்பாலோரை அமெரிக்காவும் வேறு நாடுகளும் ஏற்றுக்கொண்டன. பெரியப்பா குடும்பம் ஒஹாயோவில். இவர் கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்தவர்களை இன்றுவரை கைப்பேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். 

மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் நான்காம் அரசர். தன் அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்துத் தேர்தலுக்கு வழி செய்தவரும் அவரே. அவர் ஆட்சியில்தான் இதுவும் நடந்தது. கொக்கின் சிறகுக்காகக் கம்பியைப் புதைத்த அதே நாடு. இதை எழுதாமல் பூட்டான் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. எந்தச் சுற்றுலா நிரலிலும் இது கிடையாது. வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் சொல்ல வேண்டியது இன்னதென்று வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். மறுநாள் காலை அவர் எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். சாப்பிடும்போது ஓட்டுநரின் கிண்ணத்தில் முதலில் சுஜா என்னும் வெண்ணெய்த் தேநீரை ஊற்றியது அவர்தான்.

கடைசிப் பெரிய இடம் பாரோவின் தக்சாங், புலிக்குகை. எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலி மேல் பறந்துவந்து தவமிருந்த குகை என்பது நம்பிக்கை. 1692இல் அங்கே மடம் எழுந்தது. பள்ளத்தாக்கிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் பாறைமுகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதி வழியில் ஒரு சிற்றுண்டிச்சாலை உண்டு, பக்கத்தில் பெரிய மணிச்சக்கரம். அதுவரை ஏறப் பொதுவாக ஒன்றரை மணி நேரம். அம்மா மூன்று மணி நேரத்தில் ஏறினாள். ஓட்டுநர்கள் வழக்கமாகக் கீழே வண்டியோடு இருந்துவிடுவார்கள். இவர் கூட வந்தார், ஒரு கையில் அம்மாவின் பை, மறுகையில் அம்மா. அங்கேயே இருவரையும் உட்காரவைத்துவிட்டு நானும் வழிகாட்டியும் மேலே போனோம்.

மடம் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்போது ஒரு பள்ளம் குறுக்கே வரும். நூற்றுக்கணக்கான படி இறங்கி, அருவியின் சாரலில் பாலத்தைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். கைப்பேசி, பை எல்லாவற்றையும் வாசலில் பூட்டிவிடுகிறார்கள். அதனால் உள்ளே பார்த்தது எதற்கும் என்னிடம் படம் இல்லை. வெண்ணெய் விளக்கின் வாசனை இருக்கிறது, பாறையின் ஈரம் இருக்கிறது. 1998 ஏப்ரல் 19 அன்று பிடித்த தீயில் முக்கியக் கட்டடம் எரிந்துபோனது. 2005இல் பழைய மாதிரியே கட்டி முடித்தார்கள். அன்று பள்ளத்தாக்கில் நின்று தன் பாட்டி வாய்விட்டு அழுததைத்தான் தன் முதல் நினைவாக வழிகாட்டி சொன்னார்.

இறங்கும்போது நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். மனைவி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் படிக்கிறாள். இவரும் விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான். எட்டு லட்சம்கூட இல்லாத மக்கள்தொகை, ஆசிரியர்களும் செவிலியர்களும் வரிசையாகப் போகிறார்கள். "அப்பாவின் இதயத்தைச் சரிசெய்ய அரசு ஒரு பைசா வாங்கவில்லை. நான் போகிறேன். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் அவரோடு நடந்தேன்.

சிற்றுண்டிச்சாலைக்கு வந்தபோது, பொதுமொழி ஒன்றும் இல்லாத அம்மாவும் ஓட்டுநரும் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒஹாயோவிலிருந்து பெரியப்பா. வீடியோ அழைப்பில் தலையில் நேபாளிகள் அணியும் டாக்கா தொப்பியோடு ஒரு கிழவர். அம்மா திரையைப் பார்த்துக் கும்பிட்டு, "சாப்பிட்டீங்களாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் புன்ட்ஷோலிங். வழிகாட்டி எங்கள் கழுத்தில் வெள்ளைப் பட்டுத்துணி போட்டார். வாசலைத் தாண்டுமுன் அம்மா ஒரு நிமிடம் என்று சொல்லி ஓரத்துப் பெட்டிக்கடைக்குப் போனாள். விரலைக் காட்டி மூன்று தோமா வாங்கினாள். இரண்டின்மேல் ஆளுக்கு 501 ரூபாய் வைத்தாள், எங்கள் வீட்டு விசேஷங்களில் அப்பா இருந்த காலத்தில் வைப்பாளே, அதேபோல வலதுகையில் வைத்து இடதுகையால் தாங்கி நீட்டினாள். இருவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர் குனிந்து அவள் காலைத் தொட்டார். வழிகாட்டி அங்கேயே பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். மூன்றாவதை அம்மா போட்டுக்கொண்டாள். பிறகு கடிகாரத்தை அரை மணி பின்னால் வைக்கச் சொல்லி என்னிடம் கையை நீட்டினாள்.